பூங்காவனம் களி தின்ன கதை

ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊராம், சம்பாவூருன்னு. அந்த ஊர்ல ஒருத்தி, பேரு பூங்காவனம். கண்ண மூடிக்கிட்டு "ம்" கொட்டணும், சரியா சின்னு?

ம்.

சம்பாவூர்ல மூணு வேளையும் நெல்லுச் சோறு. ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டுப்பட்டி, அங்க கேழ்வரகுக் களி. பூங்காவனத்துக்குச் சோத்து மேல அவ்வளவு பெருமை. நீ யாருன்னு கேட்டா பேரைச் சொல்ல மாட்டா, "நாங்க சோறு திங்கறவங்க"ம்பா. மேட்டுப்பட்டிக்காரங்க களிய மெல்லாம முழுங்குவாங்கன்னு யாரோ சொன்னதைப் புடிச்சுக்கிட்டு, அவங்களுக்குப் பல்லே கிடையாது, பாம்பு மாதிரி முழுங்குற ஜனம்னு ஊரெல்லாம் சொல்லுவா. ஒரு நாளும் ஓடையைத் தாண்டிப் போய்ப் பாத்ததில்ல.

ஒரு நாள் ராத்திரி என்னாச்சு, அவளோட செவலைப் பசு, நிறைமாசச் சினை, கயித்தை அத்துக்கிட்டு ஓடையைத் தாண்டிப் போயிருச்சு. அந்த வீட்டுக்கு அந்த ஒரு மாடுதான். அங்க எங்கயாவது கன்னு போட்டு, நரி கிரி வந்துட்டா? விடிஞ்சு பாத்த பூங்காவனம் சளப்பு சளப்புனு தண்ணில எறங்கி ஓடினா.

மேட்டுப்பட்டியில முதல் வீடு மாதம்மா வீடு. வீட்டுக்குப் பின்னாடி "ம்மா"ன்னு சத்தம். செவலையேதான். அப்புறமென்ன, மாடு கிடைச்சாச்சுன்னு பாக்கறியா? அந்த ஊர்ல ஒரு வழக்கம். வந்தவங்க சாப்பிட்டாத்தான் வந்த விஷயத்தையே பேசுவாங்க. யாரும்மா நீன்னு மாதம்மா கேட்டா. "சோறு திங்கறவ"ன்னா இவ. அப்படின்னா பசிச்சிருக்கும் உக்காருன்னு, ஆவி பறக்கற களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டாந்து வச்சா மாதம்மா. வாய் நிறையப் பல்லு, பளிச்சுன்னு சிரிச்சா.

வயிறு நிறைஞ்சிருக்குன்னா பூங்காவனம். வயிறு சும்மா இருக்குமா? கொர்ர்ர்... தெரு வரைக்கும் கேட்டுச்சு.

ம்.

அப்புறம் மாதம்மா அந்தப் பக்கம் திரும்பினப்போ, உருண்டையை எடுத்து மடியில ஒளிச்சா. சுடச்சுடக் களி. சுர்ருனு சுட, தையத்தக்கான்னு குதிச்சா. உருண்டை கீழ விழுந்து உருண்டு, கோழிகிட்ட போய் நின்னுச்சு. மாதம்மா இன்னொண்ணு வச்சா.

பின்னாடி "ம்மாஆ"ன்னு செவலை இழுத்துக் கத்துச்சு. இனிமே தாங்காதுன்னு, பெரிய துண்டா பிட்டு வாயில போட்டு அழுத்தி அழுத்தி மென்னா பூங்காவனம். களிய மெல்லலாமா? மேல் பல்லு கீழ்ப் பல்லு எல்லாம் பசையா ஒட்டிக்கிச்சு. வாயத் திறக்க முடியல. "ம்ம்ம்"ங்கறா. பின்னாடி செவலை "ம்மா"ங்குது. இவ "ம்ம்ம்", அது "ம்மா".

மாதம்மா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. தண்ணியக் குடுத்து, வாயக் கொப்பளிக்கச் சொன்னா. "மெல்லாத தாயி. குழம்புல தோச்சு, வழுக்கிக்கிட்டு உள்ள விடு. சோறு திங்கறவங்க நாள் பூரா மாடு மாதிரி அசை போடுவாங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நெசந்தான் போல."

பூங்காவனத்துக்குச் சுருக்குன்னுது. அடுத்த நிமிஷம் அவளுக்கும் சிரிப்பு வந்துருச்சு. நான் உங்களப் பாம்புன்னு சொன்னேன், நீங்க எங்கள மாடுன்னு சொன்னீங்களான்னு கேட்டா. அப்புறம் தோச்சா, வழுக்க விட்டா. அடடா, குழம்பும் களியுமா தொண்டையில என்ன சுகமா எறங்குச்சு.

உருண்டை முடிஞ்சதும் மாதம்மா பின்னாடி கூட்டிட்டுப் போனா. அங்க கேழ்வரகுத் தாள் பரப்பின படுக்கையில செவலை, பக்கத்துல நெத்தியில வெள்ளைப் பொட்டோட ஒரு கன்னுக்குட்டி. விடியறப்போ போட்டுச்சு, தலை வரலன்னு நான்தான் இழுத்துவிட்டேன்னா மாதம்மா. பூங்காவனம் குனிஞ்சு கன்னோட பொட்டைத் தடவினா.

"இவ்வளவு நேரமாச்சு, உன் பேரைச் சொல்லலையே"ன்னா மாதம்மா.

"பூங்காவனம்."

அப்புறம் கன்னு துள்ளி நடக்கிற பருவத்துல மாதம்மா அதைப் பாக்கச் சம்பாவூருக்கு வந்தா. பூங்காவனம் சோறு போட்டா. மாதம்மா பழக்கத்துல ஒரு கவளத்தை அப்படியே முழுங்க, விக் விக்னு விக்கல். பக்கத்து வீட்டுக்காரிங்க கெக்கெக்கென்னு சிரிச்சாங்க. பூங்காவனம் அவங்களப் பாத்து, உங்களுக்கு ஒரு நாள் களி போடறேன் இருங்கன்னா. அப்புறம் மாதம்மா கையில தண்ணிச் சொம்பைக் குடுத்து மெதுவாச் சொன்னா: "மெல்லு தாயி, மெல்லு."

ம்...

செவலை அசை போடுது, கன்னு கண்ண மூடிருச்சு, கதையும் ஓடையைத் தாண்டிருச்சு. நீயும் தூங்குடி.