காற்று இறங்கிய வண்டி

ஒரு பாலைவனத்தில், பிள்ளைகளே, காடென்று சொல்லிக்கொள்ள நாலு முள்மரம் மட்டுமே நின்ற இடத்தில், துருவி என்றொரு கீரி இருந்தது. எதைக் கண்டாலும் "ஏன்?" என்று கேட்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

அந்த வருஷம் பக்கத்துச் சுனை வற்றிப்போனது. துருவியின் மூன்று குட்டிகளும் நாக்கு வறண்டு வளைக்குள் சுருண்டு கிடந்தன. பெரிய மணல்மேட்டுக்கு அப்பால் ஓர் ஊற்று உண்டு. திமிலி என்ற ஒட்டகம் நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். குட்டிகள் அதுவரை தாங்காது. வண்டி வைத்திருந்ததோ பவிசன் என்னும் நரி ஒன்றுதான்.

"அண்ணே, உன் வண்டியில் போய்த் தண்ணீர் கொண்டுவருவோமா?" என்று கேட்டது துருவி.

"போகலாம். ஆனால் மணலில் ஓட்டுவதென்றால் சும்மாவா? கொஞ்சம் பொறு" என்றது பவிசன்.

பெரிய எஞ்சினைப் பொருத்தியது. முன்னால் இரும்புக் கம்பிகள், மேலே ஆறு விளக்குகள். கடைசியில் டயர்களில் கல்லு மாதிரி ஆகும்வரை காற்றடித்தது.

"பட்டப்பகலில் விளக்கு எதற்கு அண்ணே?"

"பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டாமா?"

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பாதி மேடு ஏறியதும் சக்கரங்கள் புதைந்துவிட்டன. பவிசன் இன்னும் வேகமாக முடுக்கியது. சக்கரங்கள் இன்னும் ஆழமாகப் போயின.

"எஞ்சின் போதவில்லை. வீட்டுக்குப் போய் வேறு மாட்ட வேண்டும்" என்றது பவிசன்.

குட்டிகளை நினைத்துத் துருவிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திமிலி அசைபோட்டபடி அந்தப் பக்கமாக நடந்து வந்தது. அதன் காலடிகள் மணலில் புதையவே இல்லை.

"அக்கா, இத்தனை கனமாக இருக்கிறாயே, உன் கால் ஏன் புதையவில்லை?"

"எனக்கென்ன தெரியும்? நான் குனிந்து பார்த்ததே இல்லை. நீயே பார்த்துக்கொள்" என்றது திமிலி.

துருவி மணலில் மல்லாந்து படுத்துப் பார்த்தது. திமிலி காலை ஊன்றியதும் பாதம் அப்பம் போல அகலமாக விரிந்தது. பிறகு டயரைப் பார்த்தது. அது விறைப்பாக, குறுகலாக மணலைத் தோண்டிக்கொண்டு நின்றது.

துருவி எழுந்து ஓடி, டயர் வால்வில் நகத்தை வைத்து அழுத்தியது. புஸ்ஸென்று காற்று இறங்கியது.

"அடிப்பாவி, என் வண்டியில் மண்ணைப் போட்டாயே!"

"மண் ஏற்கெனவே அச்சு வரைக்கும் போட்டாயிற்று அண்ணே. நான் பறிக்கிறேன், நீ மெல்ல ஓட்டு."

நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, துருவி சக்கரத்தடி மணலைப் பறித்துத் தள்ளியது. பவிசன் முணுமுணுத்துக்கொண்டே மெல்ல முடுக்கியது. தொளதொளத்த டயர்கள் பரந்து மணல்மேல் படிந்தன. வண்டி மேடேறி இறங்கியது.

ஊற்றங்கரையில் நிரப்பிய தண்ணீர்ப் பைகளை வண்டியின் மேலும் முன்னும் கட்ட இடமில்லை. பவிசன் தானாகவே விளக்குகளையும் கம்பிகளையும் கழற்றி வைத்தது.

உச்சிவெயிலுக்குள் குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. கடைக்குட்டி ஈர மூக்கோடு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தது.

"மாமா, டயர் ஏன் சப்பையாக இருக்கிறது?"

பவிசன் மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டது. "வா, நீயும் இப்படிப் படுத்துப் பார்" என்றது.

நீதி: மேலே எதையும் மாட்டுவதற்கு முன், கீழே குனிந்து பார்க்க வேண்டும்.