வித்வான் திரும்பிப் பார்த்தார்

மின்வாரியத்தில் மின் திருட்டைக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆரோக்கியராஜ், பல்கலைக்கழக இசைத்துறையில் எம்.ஏ. சேர்ந்தார். வேலை முடிந்தாலும் பழக்கம் விடவில்லை. சக மாணவன் ஒருவன் வணக்கம் வைத்தால்கூட, எதற்கு வைக்கிறான் என்று அரை நாள் யோசிப்பார்.

அவருடைய ஆசிரியை சுகிர்தா, வயதில் அவரைவிட இளையவர். விருந்தினர் கச்சேரி ஒன்றில், பாட வந்த வெளியூர் வித்வானுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டும் பொறுப்பை ஆரோக்கியராஜுக்குக் கொடுத்தார். மனிதர் பூரித்துப்போனார்.

கச்சேரி நடுவே வித்வான் மூன்று முறை திரும்பித் தம்புராவைப் பார்த்தார். மூன்றாவது முறை கையை நீட்டித் தானே சுருதியைச் சரிசெய்தார். சபை முழுக்க அதைப் பார்த்தது.

மறுநாள் காலையே ஆரோக்கியராஜ் ஆசிரியையின் அறைக்கு வந்துவிட்டார்.

“அவர்தான் மேடம் சுருதி விலகினார். விலகிட்டு, தம்புரா சரியில்லாத மாதிரி என்னைத் திரும்பிப் பாத்தார். பழியைத் தூக்கி என் தலையில போட்டுட்டார்.”

“சில பேர் அப்படிச் செய்றதுதான்,” என்றார் சுகிர்தா.

“அடுத்த மாசம் என் தேர்வுக் கச்சேரிக்கு மார்க் போட வர்றதும் அவர்தானே? என்னைப் பாஸாக விடுவாரா? வேற ஆளைப் போடச் சொல்லி நீங்க எழுதணும்.”

ரிட்டயர்டு ஆன வயதில் சரளி வரிசையா என்று மைத்துனர் சிரித்த சிரிப்பையெல்லாம் இந்தப் பட்டத்துக்காகத்தான் அவர் தாங்கிக்கொண்டிருந்தார்.

சுகிர்தா மூலையில் இருந்த தம்புராவைக் காட்டினார்.

“எடுத்து சுருதி சேருங்க. நான் பாடுறேன். எங்க விலகுறேன்னு சொல்லுங்க.”

ஆரோக்கியராஜ் நிதானமாகச் சேர்த்தார். சுகிர்தா கேட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கல்யாணி ராகத்தை எடுத்து விரிவாகப் பாடத் தொடங்கினார்.

ஆரோக்கியராஜ் அவர் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேண்டுமென்றே நழுவிக் காட்டுவாரோ? தன்னை ஆழம் பார்க்கிறாரோ? முதலில் ஒன்றும் சிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் பிடித்தார்.

“இங்க, மேடம். மேல ஏறிட்டீங்க.”

சுகிர்தா தொடர்ந்து பாடினார்.

“இங்கயும்.”

சொல்லும்போது உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது.

சுகிர்தா பாட்டை நிறுத்தினார். எழுந்து வந்து தம்புராவின் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினார். நடுவில் உள்ள சட்ஜத் தந்திகள் இரண்டும் சுருதியிலிருந்து இறங்கியிருந்தன. அது இப்போது ஆரோக்கியராஜுக்கே தெளிவாகக் கேட்டது. வேறு யாரும் அதைத் தொடவில்லை. அது அவர் மடியிலேயேதான் இருந்தது.

“ஆரம்பிக்கும்போது சரியா இருந்துச்சு மேடம்.”

“நேத்தும் சரியாத்தான் ஆரம்பிச்சீங்க. முதல் தடவை விலகினது அவர்தான், நானும் கேட்டேன். அடுத்த ரெண்டு தடவையும் விலகினது தம்புரா.”

ஆரோக்கியராஜ் தம்புராவை மடியிலிருந்து இறக்கி வைத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அப்ப எழுத மாட்டீங்களா?”

சுகிர்தா மேசைக்குப் போய் ஒரு தாளை எடுத்து வைத்தார்.

“எழுதுறேன் சார். யார் மார்க் போட வந்தா உங்க காது அவங்க தப்பைத் தேடாம உங்க தம்புரால இருக்கும்? அந்தப் பேரைச் சொல்லுங்க.”

ஆரோக்கியராஜ் தம்புராவை மறுபடி மடியில் எடுத்து வைத்து, இறங்கிய தந்திகளைச் சேர்க்க ஆரம்பித்தார்.