பனிக்குள் ஒரு படகுப்பாட்டு

வெகு காலத்துக்கு முன்னால், கடலும் காயலும் கலந்து கிடந்த பனித்துறை நாட்டை மேகவண்ணன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். மார்கழி பிறந்துவிட்டால் அந்த நாட்டில் உச்சிவேளை வரை மூடுபனி விலகாது. நீர் எது, வானம் எது என்று தெரியாது. படகுகள் மேகத்துக்குள் மிதப்பதுபோல வரும், கரையும், மறுபடி வரும். அரசன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறந்துவிடுவான்.

பார்க்கிறவனுக்கு அழகு, படகோட்டிக்கு உயிர்ப்பயம். கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவர, தெற்கே ஒன்று வடக்கே ஒன்று என்று இரண்டே குறுகிய தடங்கள்தான் இருந்தன. தப்பினால் பாறை, இல்லாவிட்டால் சேறு.

அந்தத் துறையில் நப்பின்னை என்பவள் பத்துப் படகு வைத்துத் தொழில் செய்தாள். எந்தப் பனியிலும் அவள் படகு மட்டும் தரைதட்டாது. தெற்குத் தடத்தின் இடப்பக்கம் மூங்கில் நட்டு வெண்கல மணிகளும், வலப்பக்கம் சிப்பிச் சரங்களும் கட்டியிருந்தாள். நீரோட்டத்தில் அவை ஆடி ஒலிக்கும். எந்த ஒலிக்கு அப்புறம் எத்தனை துடுப்பு, எங்கே திருப்பம் என்பதையெல்லாம் ஒரு பாட்டாகக் கட்டித் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஒரு மார்கழியில், அவளுக்குப் போட்டியாகப் படகு விட்ட இரும்பொறையின் படகு பாறையில் மோதி மூன்று பேர் மாண்டார்கள். மறுநாளே நப்பின்னை துறையிலுள்ள படகுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுப் பாட்டை அடி அடியாகச் சொல்லிக்கொடுத்தாள்.

இரும்பொறைக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏம்மா, நாளைக்கு உன் சரக்கையும் நாங்கள் ஏற்றிக்கொண்டு போய்விடுவோமே?"

"ஏற்றுங்கள் அண்ணா. மூழ்காமல் ஏற்றுங்கள்."

இது துறைமுக அதிகாரி மாறநம்பியின் காதுக்குப் போனது. அரசன் வாயால் நப்பின்னையின் பெயர் வரும்போதெல்லாம் வயிறு எரிகிறவர் அவர். அரசனிடம் ஓடினார்.

"அரசே, நம் துறையின் ரகசியத்தை வாரி இறைத்துவிட்டாள்! அவள் படகுகளை என்னிடம் கொடுங்கள், நான் கட்டிக்காக்கிறேன்."

அரசன் நப்பின்னையை அழைத்தான். "கையிலிருந்ததை எதிரிக்குக் கொடுப்பாளா ஒருத்தி?"

"எதிரி இல்லை அரசே, பக்கத்துப் படகு. கொடுத்ததில் ஒன்று திரும்பியும் வந்தது. நீர் வற்றும் நேரத்தில் என் ஒன்பதாவது மணி ஒலிப்பதில்லை என்று இரும்பொறையின் ஆள்தான் கண்டுபிடித்தார். ஆறு வருஷமாக எனக்கே தெரியாது."

அரசன் தலையை ஆட்டினான். அதற்குள் மாறநம்பி காதில் ஏதோ ஓதவே, மனம் மாறிவிட்டது. "இனி அந்தப் பாட்டை உன் ஆட்கள் மட்டுமே பாடவேண்டும். வேறு எவனாவது வாய் திறந்தால் தண்டனை!"

"உத்தரவு அரசே. நாளைக் காலை நீங்கள் என் படகில் வாருங்கள். அதிகாரி இரும்பொறையின் படகில் முன்னால் போகட்டும். பாறைப் பக்கம் வேண்டாம், சேற்று வளைவு வரைக்கும் போதும். நான் கொடுத்தது சரி என்று அங்கே உங்களுக்கே தோன்றாவிட்டால், பத்துப் படகையும் அதிகாரி எடுத்துக்கொள்ளட்டும்."

மாறநம்பிக்கு வாயெல்லாம் பல்.

விடிந்தது. உலகமே பாலில் கரைந்துவிட்டதுபோலப் பனி. எங்கோ ஒரு மணி, எங்கோ ஒரு சிப்பிச் சரம். நப்பின்னையின் படகு தூக்கத்தில் நடப்பதுபோல வழுக்கிச் சென்றது. அரசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் என்றிருந்தது அவனுக்கு.

சடக்கென்று படகு நின்றது.

"ஏன் நின்றுவிட்டாய்? உனக்குத்தான் வழி தெரியுமே!"

"எனக்கு வழி தெரியும் அரசே. வழி தெரியாதவர் வழியில் நிற்கிறாரே!"

எதிரே, உத்தரவுக்குப் பயந்து பாடாமல் போன இரும்பொறையின் படகு சேற்றில் ஏறித் தடத்துக்குக் குறுக்கே கிடந்தது. உள்ளிருந்து மாறநம்பியின் கூச்சல் கேட்டது: "யாராவது வாருங்களேன்!"

அரசன் எழுந்து எட்டிப் பார்த்தான். நப்பின்னை மெல்லச் சொன்னாள்: "இங்கே எந்தப் படகு மூழ்கினாலும் கப்பல்காரர்கள் இரும்பொறை படகு, நப்பின்னை படகு என்று பிரித்துச் சொல்வதில்லை அரசே. பனித்துறை ஆபத்து என்றுதான் சொல்கிறார்கள். பாறையில் மோதிய மறுநாள் இரண்டு கப்பல் அப்படியே திரும்பிவிட்டது."

"அப்படியானால் அவர்களையும் பாடச் சொல்!"

"உங்கள் உத்தரவு?"

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். "அதை இந்தப் பனி தின்றுவிட்டது. பாடு!"

நப்பின்னை முதல் அடியை எடுத்தாள். முன்படகிலிருந்து இரும்பொறை அடுத்த அடியைப் பாடினார். பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் குரல்கள் சேர்ந்துகொண்டன. முழங்கால் சேற்றில் இறங்கி மாறநம்பியும் படகைத் தள்ள, தடம் திறந்தது.

அன்று சபையில் அரசன் சொன்னான்: "மாறநம்பி, இந்த மார்கழி முழுக்க நீர் இரும்பொறை படகில் துடுப்புப் போடும். துறை என்றால் என்ன என்று தெரியட்டும். நப்பின்னை, உனக்கு என்ன வேண்டும்?"

"வடக்குத் தடத்தில் கட்ட நூறு வெண்கல மணி வேண்டும் அரசே."

"அங்கே மற்றவர்கள்தானே போகிறார்கள்? உன் படகு ஒன்றுகூடப் போவதில்லையே?"

"இன்னும் போகவில்லை, அரசே" என்றாள் நப்பின்னை.