கிணற்றுக்குள் கூடிய ஊர்

அப்பிராணிப்பட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள். போனால் திரும்பி வர மாட்டீர்கள். மணியக்காரர் அப்படித்தான் போனார்.

அந்த ஊரில் ஒருவர் எலியைப் பிடிப்பதற்காகத் தன் வீட்டுச் சுவரை இடித்துவிட்டார். பக்கத்து ஊர் மணியக்காரர் குதிரையில் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இனிமே யாரும் தன்னிச்சையா எதையும் செய்யாதீங்க. அக்கம்பக்கம் பாருங்க. மத்தவங்க என்ன செய்றாங்களோ அதையே நீங்களும் செய்யுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் ஆட்கள் பெரியவர்கள் பேச்சைத் தட்ட மாட்டார்கள். அன்றிலிருந்து தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பார்கள். அங்கே யாராவது தும்மினால் இவர்களும் தும்முவார்கள். இல்லாவிட்டால் விழுங்கிவிடுவார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் முதல் கவளத்தை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் சோறே ஊசிப்போனது. கடைசியில் ஒரு நாய் வந்து இலையில் வாய் வைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

இப்படி நிம்மதியாக இருந்த ஊரில் வேலாண்டி கிணற்றில் விழுந்துவிட்டார்.

கோடைகாலம் என்பதால் தண்ணீர் கழுத்தளவுதான். ஆனால் வேலாண்டி குள்ளம். அவருக்கு மூக்குவரை வந்தது. எம்பி எம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சுவரில் பதித்த படிக்கற்கள் அவர் கைக்கு எட்டவில்லை.

ஊர் கூடியது. அவர் மனைவி அங்காயிக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் அழவில்லை. ஊர்த்தலைவர் மூக்கையாவிடம் போனாள்.

“அண்ணே, நான் அழலாமா?”

“எனக்கே அழுகைதான் வருது தாயி. ஆனா நான் முதல்ல அழுதா, தலைவரு என்ன இப்படி அழுறாருன்னு பேச மாட்டாங்களா? வேற யாராவது ஆரம்பிக்கட்டும், பொறு.”

பாவம், அங்காயி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பொறுத்தாள்.

மாட்டைப் பிடித்துக் கட்டப் போன சுடலை, கையில் கயிற்றோடு அப்படியே வந்திருந்தார். சுற்றிப் பார்த்தால் வேறு யார் கையிலும் கயிறு இல்லை. அவருக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அங்காயி அதைப் பார்த்துவிட்டாள்.

“சுடலையண்ணே, அந்தக் கயித்தைப் போட்டா அவரு ஏறி வந்துருவாரே!”

“போடலாம் தங்கச்சி. இத்தனை பேரு சும்மா நிக்கிறப்போ நான் மட்டும் போட்டா, என்னமோ எனக்கு மட்டும்தான் இரக்கம் இருக்கிற மாதிரி ஆயிடும். ஊருக்கு அது கேவலமில்லையா?”

எவ்வளவு பெரிய மனசு என்று கூட்டம் உருகிப்போனது. மூக்கையா நன்றாக யோசித்தார்.

“எல்லாரும் வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு கயிறு கொண்டாங்க. சேர்ந்து போட்டா யாருக்கும் பொல்லாப்பு இல்லை.”

ஊரே ஓடியது. கயிறு இல்லாத வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கிணற்றைச் சுற்றி வரிசையாக நின்றார்கள்.

“சீக்கிரம் கயித்தைத் தூக்கிப் போடுங்கய்யா!” என்று வேலாண்டி உள்ளிருந்து அலறினார்.

அவர் சொன்னபடியே செய்தார்கள். ஒரு நுனியைக்கூடக் கையில் வைத்துக்கொள்ளாமல் எல்லாக் கயிற்றையும் முழுசாகத் தூக்கிப் போட்டார்கள். அத்தனையும் வேலாண்டியின் தலைமேல் குவிந்தது. இப்போது அவரால் எம்பக்கூட முடியவில்லை.

“கேட்டதைக் குடுத்தாச்சு. இன்னும் ஏன் வரமாட்டேங்கிறாரு?” என்றார் மூக்கையா.

கயிற்றுக் குவியலுக்கு நடுவே நீர்க்குமிழிதான் வந்தது. அங்காயிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அக்கம்பக்கம் பார்க்கவே மறந்துபோனாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தொபுக்கென்று குதித்தாள்.

ஊருக்கே உயிர் வந்தது. இவ்வளவு நேரமும் எல்லாரும் ஒருத்தருக்காகத்தானே காத்திருந்தார்கள்!

“ஆரம்பிச்சாச்சுடோய்!” என்று மூக்கையா குதித்தார். சுடலை குதித்தார். மிச்சமிருந்த ஊரும் குதித்தது.

கயிற்றை விலக்கி வேலாண்டியைத் தூக்கினார்கள். அங்காயி சந்தோஷத்தில் அழுதாள். அதைப் பார்த்து ஊரே ஓவென்று அழுதது. வேலாண்டி அத்தனை பேர் தோளையும் தலையையும் மிதித்து, படிக்கல்லை எட்டிப் பிடித்து, ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தார்.

வந்தவர் வழக்கப்படி அக்கம்பக்கம் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

“நல்லாயிருக்கே!” என்று கீழேயிருந்து அங்காயி கத்தினாள். “உங்களுக்காக ஊரே கிணத்துக்குள்ள நிக்குது. நீங்க மட்டும் மேல சொகுசா நின்னா, நாளைக்கு நான் வெளியில தலைகாட்ட முடியுமா?”

வேலாண்டிக்குக் கூச்சமாகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குதித்தார். இந்தத் தடவை மூக்கையா அவரைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மணியக்காரர் வந்தார். ஊரில் ஆளே இல்லை. கிணற்றுக்குள் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா கூத்து இது? மேல ஏறுங்க!”

“முதல்ல யாரு ஏறுறாங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருக்கோம்” என்றார் மூக்கையா. “ஐயா ஏன் தனியா நிக்கிறீங்க?”

ஊர் முழுவதும் அவரை அண்ணாந்து பார்த்தது. அத்தனை கண்களிலும் அவர்மேல் பரிதாபம். மணியக்காரர் தன் காய்ந்த வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒருமாதிரி இருந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுக் குதித்தார்.

அவருடைய குதிரை கிணற்றை எட்டிப் பார்த்தது. பிறகு அக்கம்பக்கம் பார்த்தது. குதிப்பதற்கு வேறு குதிரை எதுவும் வரவில்லை. எனவே நின்ற இடத்திலேயே தலைப்பாகையைத் தின்ன ஆரம்பித்தது.