அணையாத பச்சை விளக்கு

கோவில்பட்டியில் ஒரு வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு மடிக்கணினி இருந்தது. அதற்கு ஒரு சார்ஜர் இருந்தது. இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியவை. ஆறு வருஷமாக ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்ததில்லை.

மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. அதன் பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. சார்ஜர் ஊட்டினால் உண்டு, இல்லையென்றால் அந்த நிமிஷமே கண்ணை மூடிவிடும். ஆனாலும் அதற்கு ஒரு பெருமை இருந்தது. அந்த வீட்டு அமுதவள்ளியின் மகள் நிறைமதி பேசிய வார்த்தைகள் எல்லாம் அதனிடம்தான் இருந்தன.

நிறைமதிக்கு ஐந்து வயது. மற்றப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுகிற வயதில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மூன்றரை வயதில்தான் முதல் வார்த்தை வந்தது. அன்று முதல் ஒவ்வொரு புது வார்த்தையையும் அமுதவள்ளி செல்போனில் வீடியோப் படமாகப் பிடித்து, மடிக்கணினியின் முகப்புத் திரையில் 'மதி' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேர்த்துவைத்தாள். செல்போனில் இடம் கிடையாது. இங்கே ஏற்றியதும் அங்கே அழித்துவிடுவாள். இப்படி நாற்பத்தொரு வார்த்தைகள் சேர்ந்திருந்தன. தண்ணி 'அண்ணி' என்று வரும், பூனை 'ஊனை' என்று வரும். வந்ததே பெரிது.

முதல் வார்த்தை 'பத்த'. சார்ஜரின் முதுகில் பொட்டுப்போல எரியும் பச்சை விளக்கைக் காட்டி அவள் சொன்னது அது. பச்சை என்பது அவள் வாயில் அப்படித்தான் வந்தது. அதிலிருந்து சார்ஜருக்குத் தலைகால் புரியவில்லை.

"அவள் முதலில் அம்மா என்று சொல்லவில்லை, அப்பா என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள்" என்று சுவிட்ச் போர்டிடம் தினமும் பீற்றிக்கொள்ளும்.

"உன்னைப் பார்த்தா? உன் விளக்கைப் பார்த்து" என்று சுவிட்ச் போர்டு சொல்லும். அது சுவரோடு பிறந்தது, வளைந்து பேசத் தெரியாது.

வேலை முடிந்ததும் வயரைச் சார்ஜரின் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டிவைப்பது அமுதவள்ளியின் பழக்கம். அப்படிச் சுற்றிச் சுற்றி ஒருநாள் உள்ளே கம்பி அறுந்துபோனது. மேலே கறுப்பு உறை பழுதில்லாமல் இருந்தது. விளக்கும் வழக்கம்போல எரிந்தது. ஆனால் வயர் ஒரு பக்கமாகக் கிடந்தால் கரண்ட் போகும், லேசாக அசைந்தால் நின்றுவிடும்.

அன்று மடிக்கணினி பாதி வேலையில் கண்ணை மூடியது. மறுநாள் இரண்டு தடவை மூடியது.

"எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நடுவில் நடுவில் மயக்கம் வருகிறது" என்றது மடிக்கணினி. "உன் பக்கம் எல்லாம் சரிதானே?"

"என் பக்கம் என்ன? விளக்கு எரிகிறதே, தெரியவில்லையா?" என்றது சார்ஜர்.

"ஆமாம், எரிகிறது. அப்படியானால் எனக்குத்தான் கோளாறு" என்று மடிக்கணினி உடனே ஒத்துக்கொண்டது. ஆறு வருஷப் பழக்கம், சந்தேகப்படத் தோன்றவில்லை.

சுவிட்ச் போர்டுக்குப் பொறுக்கவில்லை. "நான் கொடுப்பது உன்வரைக்கும் வருகிறது. உன்னைத் தாண்டிப் போகவில்லை. அது உனக்கும் தெரியும்."

சுவிட்ச் போர்டு விடவில்லை.

"அந்த விளக்கை ஒரு நிமிஷம் அணை. அமுதவள்ளிக்குப் புரிந்துவிடும்."

"புரிந்தால் என்னைத் தூக்கிக் குப்பையில் போடுவாள். அப்புறம் மதி யாரைப் பார்த்துப் பேசுவாள்?" என்றது சார்ஜர். தன் பயத்தைக் குழந்தையின் பெயரைச் சொல்லி மூடிக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை நிறைமதியை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அங்கே பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா பார்த்து, பேசுகிறாள் என்று எழுதிக் கொடுத்தால்தான் இந்த வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். நிறைமதியோ புது ஆட்களைக் கண்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அந்த நாற்பத்தொரு படங்கள்தான் அமுதவள்ளியின் கையில் இருந்த ஒரே சாட்சி.

அதனால் அவள் அவசரப்பட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த சபாபதிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் பேசியதால் மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நிறைமதியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, லேப்டாப் திடீர் திடீர்னு ஆஃப் ஆயிருது. என்னன்னே தெரியல."

"சார்ஜர்ல லைட்டு எரியுதாக்கா?"

அமுதவள்ளி குனிந்து பார்த்தாள்.

"இப்போது அணை. இந்த ஒரு தடவை" என்று சுவிட்ச் போர்டு கெஞ்சியது.

சார்ஜர் தன்னிடம் இருந்த தெம்பையெல்லாம் திரட்டி விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டது.

"எரியுது தம்பி. நல்லா எரியுது."

"அப்ப சார்ஜர்ல ஒண்ணும் இல்லக்கா. சார்ஜர், பையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க, இங்க மாறிப்போயிரும். லேப்டாப்ப மட்டும் கொண்டாங்க."

"போய்விட்டு வருகிறேன்" என்று மடிக்கணினி சார்ஜரிடம் சொன்னது. "மதியின் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீ கவலைப்படாதே." நோயாளி வீட்டிலேயே சௌகரியமாகப் படுத்திருக்க, நோயில்லாதது வைத்தியத்துக்குக் கிளம்பிப் போனது.

கடையில் சபாபதி தன்னிடமிருந்த சார்ஜரைச் சொருகினான். மடிக்கணினி ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் ஓடியது. இங்கே ஓடுகிறது, அங்கே ஏன் ஓடவில்லை என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். இன்னும் பதினான்கு மடிக்கணினிகள் வரிசையில் இருந்தன, அவன் யோசிக்கவில்லை. போன் போட்டான்.

"சிஸ்டம் கெட்டுப்போயிருக்குக்கா. அழிச்சிட்டுப் புதுசா ஏத்திருவோம்."

"பாப்பா வீடியோவெல்லாம் அதுல இருக்கு தம்பி. அது போயிரக் கூடாது."

"சி டிரைவ மட்டுந்தான்க்கா அழிப்போம். டி-ல இருக்கிறது அப்படியே இருக்கும், பயப்படாதீங்க."

கண்ணுக்கு நேராக முகப்புத் திரையில் இருப்பது சி, டி என்ற இரண்டு அறைகளில் எதில் இருக்கிறது என்று அமுதவள்ளிக்குத் தெரியாது. அவனும் கேட்கவில்லை. சரி என்றாள்.

மடிக்கணினிக்குத் தெரியும். 'மதி' இருந்தது சி-யில்தான். ஆனால் அதற்கு வாய்த்த வாய் திரையில் வரும் கேள்வி ஒன்றுதான். "இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். தொடரலாமா?" என்று கேட்டது. சபாபதி இன்னொரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே ஆமாம் என்று அழுத்தினான். அந்தக் கேள்வியை அவன் ஆயிரம் தடவை பார்த்தவன், படித்தது ஒரு தடவைகூட இருக்காது.

செவ்வாய்க்கிழமை மடிக்கணினி வீடு திரும்பியது. சார்ஜருக்கு உயிர் வந்தது.

"வந்துவிட்டாயா! ஏன் இத்தனை நாள்?"

"வணக்கம்" என்றது மடிக்கணினி. "நீங்கள் யார்?"

"நான்தான். ஒரே பெட்டியில் வந்தோமே. ஆறு வருஷம்..."

"மன்னிக்க வேண்டும். எனக்கு ஒன்றும் நினைவில்லை."

"மதியைக்கூடவா? பத்த என்று சொன்னாளே?"

"பத்த என்றால் என்ன?" என்று மடிக்கணினி மரியாதையாகக் கேட்டது.

அமுதவள்ளி திரையைத் திறந்து தேடினாள். மூலை முடுக்கெல்லாம் தேடினாள். பிறகு கடைக்கு போன் செய்தாள்.

"டெஸ்க்டாப்லயா வச்சிருந்தீங்க? அதுவும் சி-தானக்கா. மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அமுதவள்ளி போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து மடிக்கணினி மறுபடியும் கண்ணை மூடியது.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்து பார்த்தார். அவரிடமும் அதே மாதிரி மடிக்கணினி இருந்தது. தன் சார்ஜரை எடுத்துவந்து சொருகினார், மணிக்கணக்கில் ஓடியது. பழையதைச் சொருகி வயரை விரலால் நெளித்தார். நின்றது. திருப்பி நெளித்தார், வந்தது.

"வயரு இங்க உள்ளுக்குள்ள அறுந்து கெடக்கும்மா. லேப்டாப்புல ஒண்ணுமே இல்லயே."

"லைட்டு எரிஞ்சுதே டீச்சர்" என்றாள் அமுதவள்ளி.

அன்று இரவு செல்போனைத் தூக்கிப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தாள், அம்மாவின் வாடிய முகத்தைக் கண்ட குழந்தை வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை அவள் வெறுங்கையோடு மதுரைக்குப் போனாள். நிறைமதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா பொறுமையாக ஒரு மணி நேரம் முயன்று பார்த்தார்.

"வீட்ல பேசுறான்னு நீங்க சொல்றீங்கம்மா, நான் நம்புறேன். ஆனா ஒரு வார்த்தையாவது என் காதுல விழுந்தாத்தானே எழுத முடியும்? அடுத்த வருஷம் பார்ப்போம்."

புது சார்ஜர் வந்தது. அதில் விளக்கே கிடையாது, வேலை மட்டும் செய்தது. பழையது அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது. அங்கே இருட்டில் கிடந்து, அமுதவள்ளி குனிந்து பார்த்த அந்த ஒரு நிமிஷத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தது. குப்பைக்குப் போயிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அமுதவள்ளி அதை வெளியே எடுத்தாள். துடைத்தாள். சுவிட்ச் போர்டில் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மதி, இது என்ன கலரு? சொல்லு தங்கம்."

சார்ஜர் அந்தப் பழைய வார்த்தைக்காகக் காத்திருந்தது.

"பச்ச" என்றாள் நிறைமதி. சுத்தமாகச் சொன்னாள். இந்த ஒரு மாதத்தில் நாக்கு அந்த எழுத்தைப் பிடித்துவிட்டது.

அமுதவள்ளி சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. சந்தோஷம்தான் பட்டாள். ஆனாலும் ஆசை விடவில்லை.

"முன்னாடி பத்தன்னு சொல்லுவியே. ஒரே ஒரு தடவ அம்மாவுக்காக அப்படிச் சொல்லு."

"பத்த இல்ல. பச்ச" என்று குழந்தை திருத்தினாள். பிறகு விளக்கைக் குனிந்து பார்த்தாள். கையை போன்போலக் காதில் வைத்துக்கொண்டு, அம்மாவின் குரலிலேயே சொன்னாள்.

"எரியுது தம்பி. நல்லா எரியுது."

அதுவரை ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பேசிய பிள்ளை வாயில் கோவையாக வந்த முதல் பேச்சு அது. அமுதவள்ளி செல்போனைக் கீழே வைத்துவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதாள்.

அப்போது சார்ஜர் தன் விளக்கை அணைத்தது. இந்தத் தடவை யாரும் குனிந்து பார்க்கவில்லை.