பூபதிராயரின் காடும் மந்திரியின் மீசையும்

எந்தக் காலத்து ராஜா என்று என்னிடம் கேட்காதீர்கள். சிம்மாசனத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிய ராஜா. பெயர் பூபதிராயர். சுவர் அளவுக்குத் திரை, கையில் ஜாய்ஸ்டிக், பின்னால் சாமரம் வீச ஆட்கள். அதற்கு மேல் சரித்திரம் கேட்டால் கதை நின்றுவிடும்.

தினமும் சபை கூடியதும் ராஜா ஒரே கேள்விதான் கேட்பார். "மந்திரி! மாதம் மும்மாரி பொழிகிறதா?"

மந்திரி சூரப்பர் மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டு, "பொழிகிறது, மகாராஜா" என்பார். அவ்வளவுதான் ராஜ்ய பரிபாலனம். சபை கலைந்து ஆட்டம் தொடங்கிவிடும்.

சபையின் விதூஷகன் சாரங்கனுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவன் ஊர்ப் புழுதியில் நடந்து வருகிறவன். வாயைத் திறந்தால், "அபசகுனமாகப் பேசாதே" என்று சூரப்பர் அடக்கிவிடுவார்.

ஒருநாள் ராஜா ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி எறிந்தார். "சலித்துவிட்டது! இந்தக் காட்டை எத்தனையோ தரம் கடந்துவிட்டேன். ஒரு மரம்கூட நினைவில் இல்லை!"

சாரங்கன் திரையைப் பார்த்தான். காடு எங்கே தெரிந்தது? மேலே, உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பச்சைக் கோடு. மூலையில் வரைபடம். கீழே பாயிண்ட். நடுவே வழி காட்டும் அம்புக்குறி. புலி பதுங்கியிருந்தால் அதன் தலைக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு. பாவம் அந்தப் புலி, அது எங்கே போய்ப் பதுங்கும்?

"ஆடும்போது நான் ராஜா என்பதே எனக்கு மறந்துபோக வேண்டும்" என்றார் பூபதிராயர். "காட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். யாரால் முடியும்?"

சூரப்பர் இப்படி ஒரு சமயத்துக்காகத்தான் காத்திருந்தார். "நம் சாரங்கனால் முடியும், மகாராஜா. சாயங்காலத்துக்குள் செய்யட்டும். முடியாவிட்டால் பாதி மீசையை மழித்து ஊர்வலம் விடுவோம்."

"முடிந்துவிட்டால்?" என்றான் சாரங்கன்.

"என் மீசையில் பாதியை எடுத்துக்கொள்!"

"பலே!" என்று ராஜா கை தட்டினார். "நாவிதரை வாசலில் உட்கார வையுங்கள்."

வெளியே போகும்போது சூரப்பர் சாரங்கனின் காதருகே குனிந்தார். "ராஜா என்பதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். கேட்காவிட்டால் உனக்குச் சாட்சி கிடையாது. கடைசியாக ஒருமுறை மீசையை முறுக்கிக்கொள், தம்பி."

சாரங்கனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவன் மனைவி அலர்மேலு அந்த மீசையைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினாள். பாதி மீசையோடு வீட்டுக்குப் போனால் கதவு திறக்குமா?

யோசித்தான். பிறகு செட்டிங்ஸுக்குள் போய்ப் பச்சைக் கோட்டை அணைத்தான். வரைபடம், பாயிண்ட், அம்புக்குறி, புலியின் பொட்டு எல்லாம் போயின.

"அடேய், என் உயிர் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்?"

"மூச்சு வாங்கினால் குறைந்துவிட்டது என்று அர்த்தம், மகாராஜா."

"வழி?"

"ஆற்றுச் சத்தம் கேட்கிறதே."

"புலி?"

"அதைப் புலியிடம்தான் கேட்க வேண்டும்."

ராஜா சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார். திரையில் ஓர் அடி எடுத்து வைத்தாரோ இல்லையோ, "ராஜாதி ராஜர் அடி எடுத்து வைக்கிறார், பராக்!" என்று கத்தினான் கட்டியக்காரன். ராஜா என்ன செய்தாலும் கட்டியம் கூறுவது அரண்மனை வழக்கம். திரையில் இருந்ததை அணைத்தாயிற்று, திரைக்கு வெளியே நிற்பதை எப்படி அணைப்பது?

"மடைப்பள்ளியில் சுடச்சுடப் பணியாரம் ஊற்றுகிறார்களாமே" என்று சாரங்கன் காற்றில் விட்டான். கட்டியக்காரனும் சாமரக்காரர்களும் அந்த நிமிஷமே மாயம். சாரங்கன் சன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு ஒரு மூலையில் ஒதுங்கினான்.

மண்டபம் அடங்கியது. திரையில் தவளை கத்தியது, சருகு நொறுங்கியது. கிரீடம் காதில் இறங்கி இடைஞ்சல் செய்தது. ராஜா அதைக் கழற்றித் தரையில் வைத்தார். ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

வெளியே சூரப்பருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டியச் சத்தமே காணோமே! நிஜமாகவே மறந்துவிட்டால்? ஞாபகப்படுத்திவிட வேண்டியதுதான் என்று உள்ளே பாய்ந்து, அடித்தொண்டையிலிருந்து முழங்கினார்.

"ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, ராஜ குலதிலக, பூபதிராய மகாராஜா, பராக்! பராக்!"

ராஜா திரும்பவே இல்லை. "எவன்டா அவன்? ராஜாவாவது கூஜாவாவது! புலி வருதுடா! வாயப் பொத்திக்கிட்டு குனி!"

அந்தக் குரலைக் கேட்டு மந்திரி பொத்தென்று சிம்மாசனத்துக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

உறுமல் கேட்டது. கிளை முறிந்தது. ராஜா நாணலுக்குள் விழுந்தடித்து ஓடி, ஆற்றைத் தாண்டி, "தப்பிச்சோம்டா!" என்று வியர்வையைத் துடைத்தார். அப்போதுதான் தரையைப் பார்த்தார். "இது யாரோட கிரீடம்?"

"யாரோ ஒரு ராஜாவுடையதாம்" என்றான் சாரங்கன். "சாட்சி சிம்மாசனத்துக்குப் பின்னால் குனிந்திருக்கிறார்."

ராஜா எட்டிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், நாவிதர் வந்து வேலையை முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் சபை. ராஜா வழக்கம்போலக் கேட்டார். "மாதம் மும்மாரி பொழிகிறதா?"

சூரப்பர் மிச்சமிருந்த பாதி மீசையைத் தடவினார். "பொழிகிறது, மகாராஜா."

ராஜா கையை உயர்த்திச் சபையை அடக்கினார். நேற்றுக் காட்டில் பழகியதுபோலக் காது கொடுத்துக் கேட்டார். வாசலில் இருக்கும் குளத்திலிருந்து ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. எழுந்து போய்த் தன் கையாலேயே சன்னலைத் திறந்தார். முகத்தில் புழுதி அடித்தது. குளம் வெடித்துக் கிடந்தது.

திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "களஞ்சியத்தைத் திறந்து ஊருக்குக் கொடுங்கள். சாரங்கா, நேற்று அந்தப் பச்சைக் கோட்டை அணைத்தாயே..."

"ஆமாம், மகாராஜா."

"இங்கே மந்திரி காட்டும் பச்சைக் கோட்டை அணைக்காமல் விட்டுவிட்டாய். இனிமேல் மழைச் சேதியை நீ வந்து சொல்." சூரப்பரைப் பார்த்தார். மெல்ல உதடு துடித்தது. "நாவிதரைக் கூப்பிடுங்கள். மீதிப் பாதியையும் எடுக்கட்டும். தடவ மீசை இல்லாமல் இவர் எப்படி மழை பொழிய வைக்கிறார், பார்த்துவிடுவோம்!"