செம்போத்து கட்டிய காவல் மணி

"அவளுக்கு முட்டையிடத் தெரியும். காக்கத்தான் தெரியாது!"

கோரை மறைவில் நின்ற இரண்டு நாரைகள் இப்படிப் பேசிக்கொண்டன. அந்தப் பக்கம் மூழ்கி எழுந்த செங்கழுத்தியின் காதில் அது விழுந்துவிட்டது. அவள் சத்தமில்லாமல் மறுபடி மூழ்கினாள்.

செங்கழுத்தி ஒரு முக்குளிப்பான் பறவை. ஏரியின் நடுக்கோரையில், தண்ணீரிலேயே மிதக்கிற கூடு அவளுடையது. பாசியையும் அழுகிய தண்டுகளையும் குவித்துக் கட்டி, அது நகராமல் இருக்கக் கோரைத் தூரோடு கொடியால் பிணைத்திருந்தாள். இரை தேடப் போகும்போது ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போவாள். மேலே இருந்து பார்த்தால் ஏதோ குப்பை ஒதுங்கிக் கிடக்கிற மாதிரி இருக்கும். முட்டைகளைப் பிறருக்குக் காட்டுவது முக்குளிப்பான்களின் வழக்கம் இல்லை.

போன முறை கடும் வெயில். பாசி காய்ந்து விலகிவிட்டது. காக்கைகள் முட்டைகளைக் கண்டு தின்றுவிட்டன. இந்த முறை துணையும் இல்லை. அவனைப் பருந்து கொண்டுபோய்விட்டது.

முக்குளிப்பான்கள் சாயங்காலத்தில் ஜோடியாகப் பாடும். முதல் பாதி அவளுடையது, மறுபாதி அவனுடையது. செங்கழுத்தி இன்னமும் தன் பாதியைப் பாடுவாள். பாடிவிட்டுக் காது கொடுத்துக்கொண்டே இருப்பாள். தவளைச் சத்தம்தான் வரும்.

அடுத்த கோரையில் ஒருத்தி தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவாள். இறக்கைக்கு வெளியே அவற்றின் தலை மட்டும் தெரியும். அவள் கடந்து போகும்போதெல்லாம் செங்கழுத்திக்குத் தன் முதுகு வெறுமையாக இருப்பது உறைக்கும்.

"இந்த முட்டைகளாவது பொரிய வேண்டும்" என்று அவள் நினைத்தாள். "நான் இரை தேடப் போகும் நேரத்துக்கு ஒரு காவல் வேண்டும்."

ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அதனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுக்கா இவ்வளவு தயக்கம்? நீ நிம்மதியாகப் போம்மா! ஓர் எறும்பு வந்தாலும் கத்திவிடுவேன்!" என்றது ஆள்காட்டி.

சொன்னபடியே கத்தியது. எருமை இறங்கினால் கத்தியது. பனையோலை விழுந்தால் கத்தியது. மேகத்தின் நிழல் தண்ணீரில் ஓடினால் அதற்கும் கத்தியது. செங்கழுத்தி ஒவ்வொரு தடவையும் பிடித்த மீனை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பொழுது சாய்ந்தது. வயிறு காலி.

"இப்போது எதற்குக் கத்தினாய்?"

"அந்தக் கல் நகர்ந்த மாதிரி இருந்தது!"

"கல் எங்கேயாவது நகருமா?"

"நகராது என்று உனக்கு யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?"

செங்கழுத்திக்குச் சண்டை போட வராது. "உனக்கு எதற்குச் சிரமம்? நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

"நல்லதுக்குக் காலமில்லை!" என்று கத்திக்கொண்டே ஆள்காட்டி கரைக்குப் போனது. அதற்குப் பிறகு அது கத்தினால் ஏரியில் யாரும் தலையைத் திருப்பவில்லை.

அன்று சாயங்காலம் செங்கழுத்தி வழக்கம்போலத் தன் பாதியைப் பாடினாள். நிறுத்தினாள். காது கொடுத்தாள்.

"ஊப்... ஊப்... ஊப்..."

யாரோ பதில் சொன்னார்கள்! அவன் குரல் இல்லைதான். ஆனால், பாடி முடித்ததும் ஒரு குரல் வந்து எத்தனை நாளாகிவிட்டது!

கரையோரப் புதரிலிருந்து ஒரு செம்போத்து எட்டிப் பார்த்தது. செம்பழுப்பு இறக்கை, சிவந்த கண். செம்போத்து எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"பாதியிலேயே ஏன் நிறுத்திவிட்டாய், தங்கச்சி?" என்று அது கேட்டது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"அட, இவ்வளவுதானே! காவல் மணி கட்டுவதுதான் என் தொழில். உள்ளே விதை குலுங்குகிற காய்ந்த கிலுகிலுப்பைக் காயைக் கொடியில் கோத்துக் கூட்டைச் சுற்றிக் கட்டிவிடுவேன். யார் தொட்டாலும் கலகலவென்று சத்தம் போடும். எங்கே இருந்தாலும் உனக்குக் கேட்கும். ஆள்காட்டி மாதிரி நிழலுக்கெல்லாம் கத்தாது."

"நன்றாக வேலை செய்யுமா, அண்ணா?"

"கரையோரத்துத் தவிட்டுக்குருவி வீட்டில் நான்தான் கட்டினேன். சந்தேகம் இருந்தால் போய்க் கேள்!"

கூச்சப்படுகிறவள் போய்க் கேட்க மாட்டாள் என்று அதற்குத் தெரியும்.

மறுநாளே செம்போத்து கொடியோடு வந்தது. கோரைக்குக் கோரை தாவிக் கட்டியது. கட்டும்போதே பேச்சும் கொடுத்தது. "இரை தேட எப்போது போவாய்? எந்தப் பக்கம் போவாய்? திரும்பி வர எவ்வளவு நேரமாகும்?" எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள்.

"முட்டை எங்கே இருக்கிறது? இங்கே குப்பைதானே கிடக்கிறது?"

செங்கழுத்தி சற்றுத் தயங்கினாள்.

"அளவு தெரியாமல் எப்படிம்மா கட்டுவது? என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் சொல்லிவிடு. போய்விடுகிறேன்."

போய்விடுமோ என்ற பயத்தில் அவள் பாசியை விலக்கினாள். ஒரு முக்குளிப்பானும் செய்யாத காரியம் அது. செம்போத்து பேசியது அவளோடு. கண் மட்டும் முட்டைகளை விட்டு நகரவில்லை. 'வேலையில் எவ்வளவு அக்கறை!' என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கட்டி முடித்ததும் செம்போத்து கிழக்குப் பக்கக் கொடியை அலகால் இழுத்துக் காட்டியது. ஏரியே திரும்பிப் பார்க்கும்படி ஒலித்தது மணி.

அடுத்த நாள் காலையில் செங்கழுத்தி நிம்மதியாக இரை தேடப் போனாள். வயிறு நிறைந்ததும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. தவிட்டுக்குருவியின் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும்! தனக்கும் பொரிந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். சந்தேகம் எதுவும் இல்லை. வெறும் ஆசைதான்.

தண்ணீர் மேல் சாய்ந்திருந்த முள்மரத்தில் தவிட்டுக்குருவியின் கூடு இருந்தது. சுற்றிலும் அதே மணி. செங்கழுத்தி தண்ணீரில் இருந்தபடியே மெல்லக் கூப்பிட்டாள்.

"அக்கா! மணி எப்படி இருக்கிறது?"

தவிட்டுக்குருவி எட்டிப் பார்த்தது. "மணிக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது. காற்றடித்தால் அழகாகச் சத்தம் போடும். முட்டைதான் இல்லை."

"ஐயோ! திருடன் வந்தபோது மணி அடிக்கவில்லையா?"

"அடிக்கவே இல்லை."

"பிறகு ஏன் இன்னும் கட்டி வைத்திருக்கிறீர்கள்?"

தவிட்டுக்குருவி காலிக் கூட்டைப் பார்த்தது. "அது கலகலக்கும்போது, கூட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்" என்றது.

செங்கழுத்தி நிமிர்ந்து அந்தக் கொடியைப் பார்த்தாள். கிழக்குப் பக்கம் காய்ந்த காய்கள். தெற்கும் வடக்கும் அப்படியே. மேற்குப் பக்கம் மட்டும் எல்லாம் வதங்கிய காய்கள்.

"அக்கா, இந்தப் பக்கத்துக் காய்களைக் கொஞ்சம் ஆட்டுங்களேன்!"

தவிட்டுக்குருவி ஆட்டியது. சத்தமே இல்லை.

"முற்றுவதற்கு முன்னாலேயே பறித்த பச்சைக் காய்!" என்றாள் செங்கழுத்தி. "பச்சைக் காய் எப்படிச் சத்தம் போடும்? அந்தச் செம்போத்து தான் வருவதற்கு வழி வைத்துக் கட்டியிருக்கிறது!"

அப்போது தூரத்தில் ஆள்காட்டி கத்தத் தொடங்கியது. கரையில் மேய்ந்த கொக்கு தலைகூட நிமிரவில்லை. செங்கழுத்தி ஒரே முழுக்காக மூழ்கினாள்.

அவள் தன் கூட்டருகே எழுந்தபோது செம்போத்து மேற்குப் பக்கக் கோரையில் நின்று, கூட்டுக்குள் தலையை நீட்டிப் பாசியை விலக்கிக்கொண்டிருந்தது. மணி வாய் திறக்கவில்லை.

எதிர்த்து நின்றால் அவள் அந்த அலகின் ஒரு கொத்துக்குத் தாங்க மாட்டாள். அது அவளுக்குத் தெரியும். மறுபடி மூழ்கினாள். கூட்டுக்கு அடியில் போய், கோரைத் தூரோடு தான் கட்டியிருந்த கொடிகளைக் கடித்தாள். ஒன்று அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது. கடைசிக் கொடியும் அறுந்ததும், தலையால் முட்டிக் கூட்டைத் தள்ளினாள். காற்றும் சேர்ந்து தள்ளியது. கூடு மணிக் கொடிக்கு அடியால் நழுவிக் கோரையை விட்டு விலகிவிட்டது!

கூட்டின் மேல் சாய்ந்திருந்த செம்போத்து தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தது. அதற்கு நீந்தத் தெரியாது. பறப்பதும் அரைகுறைதான். படபடவென்று அடித்துக்கொண்டு கிழக்குப் பக்கத்துக் கொடியைப் பற்றி ஏறியது. அப்போது அடித்ததே மணி!

ஏரியே திரும்பிப் பார்த்தது. நனைந்த செம்போத்து கோரைக்குக் கோரை தாவி ஓடியது. அதன் பிறகு அந்த ஏரிப் பக்கம் அது வரவில்லை.

கூடு மிதந்து போய்க் கரையோர அல்லி இலைகளில் சிக்கி நின்றது. செங்கழுத்தி ஏறி முட்டைகள் மேல் உட்கார்ந்தாள். எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒரு முட்டைக்குள் ஏதோ லேசாக அசைந்தது. அவள் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு அதைக் கேட்டாள்.

ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டது. "நான் கத்தினேன்! தொண்டை கிழியக் கத்தினேன்! ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை!"

"எனக்குக் கேட்டது" என்றாள் செங்கழுத்தி. "ஆனால், கல் நகர்ந்ததோ என்றும் ஒரு நினைப்பு வந்தது."

ஆள்காட்டி கரையில் இறங்கியது.

"உனக்கு ஏன் எதைப் பார்த்தாலும் பயம்?" என்று செங்கழுத்தி கேட்டாள்.

"என் முட்டைகளும் இங்கேதான் கிடக்கின்றன, வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே. கூடு கிடையாது, மறைவு கிடையாது. நகர்கிறதெல்லாம் அவற்றை மிதிக்க வருகிற மாதிரிதான் எனக்குத் தெரிகிறது."

செங்கழுத்தி கரையைப் பார்த்தாள். எது கல், எது முட்டை என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எருமைக்கு ஒரு குரல் வைத்துக்கொள்" என்றாள். "திருட வருகிறவனுக்கு வேறு குரல். நிழலுக்கு வேண்டாம்."

"நிழலுக்கு வேண்டவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"சரி, முயற்சி செய்கிறேன். நாள் முழுக்கப் பட்டினியாக உட்கார்ந்திருந்தால் முட்டை பொரியும்வரை தாங்குவாயா? போய்ச் சாப்பிடு."

செங்கழுத்தி எழவில்லை. ஒரு தடவை நம்பியது போதும் என்று இருந்தது அவளுக்கு. பசி வயிற்றைக் கிள்ளியது. அவள் ஆள்காட்டியையே கவனித்தாள். அது ஒரு மேட்டில் ஏறி நின்றது. தன் முட்டைகளுக்கும் அவள் கூட்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வானத்தையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு தடவைகூடக் கூட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காவலுக்கு வருகிறவனை அவன் குரலைக் கேட்டு நம்பக் கூடாது; அவன் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தே நம்ப வேண்டும்.

வெயில் ஏறியது. செங்கழுத்தி கூட்டை விட்டு இறங்கி, தண்ணீருக்குள் மூழ்கினாள்.